கொரோனா வார்டில் நர்ஸ்கள் மனதளவில் செய்யும் தவறுகள்

காய்ச்சல் வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு இப்போது நான்தான் வேலை சொல்லித் தருகிறேன். கவச உடையை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று என்னைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள். மனதைப் பார்த்துக்கொள்வதில் மட்டும், 2020-ல் நாங்கள் விழுந்த குழியிலேயே விழுகிறார்கள்.

சாவை விழுங்கிவிட்டு அடுத்த படுக்கைக்கு ஓடுவது

2021 மே மாதம். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவான சமயம். ஒரு நைட் டூட்டியில் எங்கள் ரிப்போர்ட் புத்தகத்தில் 7-ஆம் படுக்கைக்கு நேராக மூன்று பெயர்கள். இரண்டின் மேல் கோடு. இரண்டாவது கோட்டைப் போட்டவள் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. பேனாவைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

“அக்கா, அந்த அம்மா இரண்டு வாய் கஞ்சி குடித்தார் என்று சாயங்காலம்தான் அவர் மகளிடம் போனில் சொன்னேன்.”

“அழாதே, மற்ற நோயாளிகள் பார்க்கிறார்கள். ஒன்பதாம் படுக்கைக்கு ஆக்சிஜன் இறங்குகிறது, போ” என்றேன்.

போனாள். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. திடமான பெண் என்று எல்லோரிடமும் அவளைப் புகழ்ந்தேன். மூன்றே மாதத்தில் அவளுக்குத் தூக்கம் போனது. ஊசி போடுமுன் மருந்துப் பெயரை நான்கு முறை, ஐந்து முறை படிக்கத் தொடங்கினாள். தீபாவளிக்கு முன்பே வேலையை விட்டுவிட்டாள். அந்தப் புகழ்ச்சியை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

ஒன்பதாம் படுக்கைக்கு அவளை அனுப்பியது சரிதான். உடை மாற்றும் அறையில் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, “அந்த அம்மாவைப் பற்றிச் சொல்” என்று கேட்காமல் வீட்டுக்கு அனுப்பினேனே, அதுதான் தவறு. ஐந்து நிமிடம் போதும். இறந்தவரைப் படுக்கை எண்ணால் குறிப்பிடாமல் பெயர் சொல்லிப் பேசுங்கள். நம் கையில் இருந்தது எது, இல்லாதது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். படுக்கை கிடைக்கத் தாமதமானதற்கும் தானே காரணம் என்று அந்த வயதில் மனம் நம்பிவிடும். ஷிஃப்டுக்குப் பொறுப்பான மூத்தவர் மருந்துக் கணக்கைப் பார்ப்பதுபோல் இதையும் பார்க்க வேண்டும்.

வற்புறுத்திப் பேசவைப்பது

எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, “மனதில் இருப்பதைக் கொட்டுங்கள்” என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியே யாரையும் கட்டாயப்படுத்திப் பேசவைக்காதீர்கள் என்கிறது. பேச விரும்பாதவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.

வார விடுப்பை விட்டுக்கொடுப்பது

கூடாது. ஆள் பற்றாக்குறையை உங்கள் ஒருவர் உடம்பை வைத்து அடைக்க முடியாது.

கைதட்டலோடு நிறுத்திக்கொள்வது

இது நிர்வாகத்துக்கு. 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே கைதட்டியபோது என் கண் கலங்கியது உண்மை. ஆனால் ஆறு மணி நேரம் ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் கவச உடைக்குள் நின்றவளுக்கு, படுக்க ஓர் அறையும் மாற்றிவிட இன்னொரு நர்ஸும் வேண்டும்.

“எனக்கு எதற்கு கவுன்சலிங்?”

இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லையென்றால் கேட்டுவிடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில்தான் இது வந்தது. அவள் வேலையை விட்டுப் போய் ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து.