பழைய டிஜிட்டல் கேமரா: வைத்துக்கொள்வதிலும் விடைகொடுப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் டிஜிட்டல் கேமராக்கள் உழைத்துக் கெடுவதைவிடச் சும்மா இருந்து கெடுவதுதான் அதிகம். 2008இல் வந்த நிக்கான் டி90ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) அதுதான். ஒழுங்காகப் பயன்படுத்தி வந்திருந்தால், அதை இன்றைக்கும் ஞாயிறு விடிகாலையில் காசிமேடு துறைமுகத்துக்குத் தூக்கிப்போய் நல்ல படங்கள் எடுக்கலாம். அதே காலத்தில் வாங்கிய இன்னொரு டி90, தங்கை கல்யாணத்தையும் குழந்தையின் காதுகுத்தையும் எடுத்து முடித்தபின், நல்ல கைபேசி வந்ததும் பீரோவுக்குள் போயிருக்கும். இப்போது வெளியே எடுத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை, பேட்டரியில் உயிர் இல்லை, கைப்பிடி ரப்பர் பிசுபிசுக்கிறது. இரண்டுக்கும் வயது ஒன்றுதான்.

அதனால், எல்லாவற்றிலும் பெரிய தவறு முடிவெடுக்காமல் விடுவது. "இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வைத்த கேமரா, பயன்படவும் இல்லாமல் விற்கவும் முடியாமல் போய்விடுகிறது. வைத்துக்கொள்வதாக இருந்தால் மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்துச் சில படங்கள் எடுங்கள். இல்லையென்றால், அது வேலை செய்யும்போதே இன்னொருவர் கைக்குப் போகட்டும்.

வைத்துக்கொள்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது ஈரம். ஐப்பசி, கார்த்திகைக் காலைகளில் நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். 60 சதவீதத்துக்கு மேல் நீண்ட நாள் இருந்தாலே லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு உண்டு. இருட்டும், அசையாத காற்றும், விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் அதற்கு வேறெதுவும் வேண்டாம். ஆரம்பத்தில் சிலந்தி நூல் போல மெல்லிய இழையாகத் தெரியும். கைபேசி டார்ச்சை ஒரு பக்கமிருந்து லென்ஸுக்குள் அடித்து, மறுபக்கமிருந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். அந்த நிலையில் சர்வீஸ் கடையில் கழற்றித் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். நாள்பட்டால் பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் அந்தத் தடம் போகாது. "கிளீன் பண்ணிடலாம் சார், ஆனா கோட்டிங்குக்கு கேரண்டி தர முடியாது" என்று கடைக்காரர் சொன்னால் அவர் உண்மையைத்தான் சொல்கிறார்.

பாதுகாப்பு என்று நினைத்து நாம் செய்யும் சில காரியங்களே கேமராவுக்கு எதிரி. தோல் உறைக்குள் போட்டுப் பூட்டி வைப்பது அதில் ஒன்று. தோலும் பஞ்சும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பட்டுப்புடவைகளோடு சேர்த்து, அந்துருண்டை போட்ட தட்டில் வைப்பது இன்னும் மோசம். அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலின், கற்பூரம் இரண்டின் ஆவியும் கேமராவுக்கு ஆகாது. அவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று கேமராவோடு வரும் கையேடுகளே எச்சரிக்கின்றன. அந்தக் கையேட்டை நாம் யாரும் பிரிப்பதில்லை.

இதற்கு விலை உயர்ந்த டிரை கேபினட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) கட்டாயம் இல்லை. ரப்பர் வளையத்தோடு இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று, இவ்வளவு போதும். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் நிம்மதியாக இருக்கலாம். அதிகமாக உலர்த்துவதும் தவறுதான். 30க்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் உள்ளே இருக்கும் மசகும் ரப்பரும் வறண்டுவிடும். நீல நிற சிலிக்கா ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். சூடாக்கினால் மறுபடி நீலத்துக்குத் திரும்பும். ஆனால் அந்த நீலம் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருளால் வருவது. சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்காதீர்கள். ஆரஞ்சு நிற ஜெல்லில் கோபால்ட் இல்லை, வீட்டுக்கு அதுவே நல்லது.

ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ நேராக மெரினா மணலில் இறங்கிக் கேமராவைத் திறப்பது நம் ஊருக்கே உரிய இன்னொரு தவறு. குளிர்ந்த கண்ணாடியில் கடற்காற்றின் ஈரம் படிந்துவிடும். முன்பக்கம் படிவதைத் துடைத்துவிடலாம், உள்ளே படிவதை என்ன செய்வது? பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். வீடு திரும்பியதும், லேசாக நனைத்துப் பிழிந்த மென்துணியால் கேமராவின் மேல் படிந்த உப்பை ஒற்றி எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு டப்பாவில் வையுங்கள்.

பேட்டரியைக் கேமராவுக்குள்ளேயே விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில், தனியே கழற்றி, சூடில்லாத இடத்தில் வைக்க வேண்டும். அடியோடு தீர்ந்துபோய்ப் பல மாதம் கிடந்தால் பிறகு சார்ஜ் ஏறாமலே போகலாம். உப்பியிருந்தால் அதை மறுபடி சார்ஜ் போடாதீர்கள். உள்ளே சிக்கிக்கொண்டால் கத்தியால் நெம்பவும் வேண்டாம், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். சாதாரண பென்சில் செல் போடும் பழைய பவர்ஷாட் மாதிரியான கேமராக்களில் செல் கசிந்து, தொடர்புத் தகடுகள் பச்சை பூத்துப் போயிருக்கும். கசிவு லேசாக இருந்தால், பஞ்சுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, உலரவிட்டால் பல சமயம் கேமரா பிழைத்துவிடும்.

எதையும் சோதிக்காமல் "கேமரா போச்சு" என்று தீர்ப்பு எழுதுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். புதிதாக வாங்கிய 64 ஜிபி கார்டைப் போட்டதும் கேமரா படிக்கவில்லை என்றால், கோளாறு கேமராவில் இருக்க வேண்டியதில்லை. ஆரம்பகால எஸ்டி கேமராக்கள் 2 ஜிபி வரைதான் ஏற்கும். 2006இல் வந்த எஸ்டிஎச்சி என்ற அடுத்த கார்டு தரத்தின் எல்லை 32 ஜிபி. 2005இன் நிக்கான் டி50, எஸ்டிஎச்சி கார்டையே ஏற்காது. சின்ன கார்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்கே போகிறதா? கேனான் 350டி, 400டி போன்றவற்றில் கடிகாரத்துக்கென்று சிஆர்2016 பட்டன் செல் தனியாக உண்டு, அதை மாற்றினால் போதும். வானத்தை எடுத்த படம் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி விழுந்தால் அது படம் பதியும் சில்லான சென்சார் மேல் உட்கார்ந்த தூசு. கையால் அழுத்தும் ரப்பர் பம்ப் கொண்டு ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படியும்.

உண்மையிலேயே கைவிட வேண்டிய நோயும் உண்டு. 2000களின் முற்பகுதியில் சோனி தயாரித்த, சிசிடி என்ற பழைய வகைச் சென்சார்கள் சில, வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் உள்ளே இணைப்பு விட்டுப்போய், படத்தைக் கறுப்பாகவோ ஊதா நிறக் கோடுகளாகவோ காட்டத் தொடங்கின. அதே சென்சார் பல நிறுவனங்களின் கேமராக்களில் இருந்தது. 2005இல் சோனி, கேனான், நிக்கான், ஃபூஜிஃபிலிம் உள்ளிட்ட நிறுவனங்கள் அதை இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தன. அந்த ஆண்டுகளின் சிறிய கேமரா இன்று அப்படிக் காட்டினால், அதற்குச் செலவு செய்ய வேண்டாம். பழைய சிசிடி கேமராக்களை இளைஞர்கள் மறுபடி விரும்பித் தேடி வாங்கும் இந்தச் சமயத்தில், வாங்குபவர்களுக்கும் இது தெரிய வேண்டும்: பணம் கொடுக்கும் முன் வெளிச்சத்தில் ஒன்று, நிழலில் ஒன்று எடுத்துப் பாருங்கள்.

பழுது பார்க்கும் செலவில் இரண்டு எல்லைகளிலும் தவறு நடக்கிறது. ஒரு ரப்பர் கழன்றதற்காகத் தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு, கேமராவின் இன்றைய விலைக்கு மேல் ஷட்டருக்குக் கொட்டுகிறவர்களும் உண்டு. பழுதுக்கான கூலியும் பாகமும் சேர்ந்து, அதே மாடல் பழையதாகக் கிடைக்கும் விலையில் பாதியைத் தாண்டினால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்பாவின் கேமரா என்ற பாசம் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, அது உங்கள் விருப்பம். ஷட்டர் கவுண்ட்டை, அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணிக்கையை, பார்த்துப் பயப்படவும் வேண்டாம். டி90க்கு 1,00,000, கேனான் 5டி மார்க் 2க்கு 1,50,000 என்பதெல்லாம் நிறுவனம் சோதித்துப் பார்த்த அளவு. அதைத் தாண்டியும் ஓடும், முன்பே நிற்பதும் உண்டு.

சரி, புதியது வாங்கலாமா? மெகாபிக்ஸலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டி90இன் 12 மெகாபிக்ஸல் படத்தை 300 டிபிஐ தரத்தில் 14க்கு 9 அங்குலம் அச்சிடலாம். சுவரில் மாட்ட அது போதும். நீங்கள் எதை எடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. பள்ளிக்கரணையில் தூரத்தில் நிற்கும் பூநாரைகளுக்கு, பழைய பாடியில் 70-300 லென்ஸைப் போட்டால் கைபேசிகளால் எளிதில் எட்ட முடியாத படம் வரும். மார்கழிக் கச்சேரி மேடையின் மங்கிய வெளிச்சத்திலோ கதை வேறு. ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓ 1600ஐத் தாண்டினால் பழைய சென்சாரில் புள்ளிபுள்ளியாக இரைச்சல் வந்துவிடும், அங்கே நல்ல கைபேசியே முந்தும். உள்ளே அந்தப் பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத புதிய வகையான மிரர்லெஸ்ஸுக்கு மாறும்போது "பழைய லென்ஸ் எல்லாம் அடாப்டரில் ஓடும்" என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். கேனானின் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களான இஎஃப் வகை, அந்த நிறுவனத்தின் அடாப்டரில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில், உள்ளே மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் கிடையாது. கையால்தான் திருப்ப வேண்டும்.

கேமராவை விடும் முன் படங்களை நினையுங்கள். பாட்டியின் சிரிப்பு இன்னும் அந்தப் பழைய எக்ஸ்டி கார்டிலோ மெமரி ஸ்டிக்கிலோ மட்டும் இருக்கலாம். அதைப் படிக்கும் ரீடர் குறைந்துகொண்டே வருகிறது. மின்னணுப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவில் தேடி ஒன்று வாங்கி இப்போதே இறக்கிவிடுங்கள். கேமராவைக் கொடுத்துவிட்டு, பிறகு கேபிளைத் தேடாதீர்கள். அந்நாளில் டிவிடியில் எரித்து வைத்தவர்கள் அதை நம்பி இருக்க வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் பூச்சு உரிந்த டிவிடிகள் ஏராளம். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த வீடுகளை நினைத்தால் இதன் அவசியம் புரியும். அப்படித் தண்ணீரில் கேமரா நனைந்தால், "வேலை செய்கிறதா" என்று பட்டனை அழுத்திப் பார்க்கவே கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். அரிசி மூட்டையில் புதைப்பதால் உள்ளே தூசியும் மாவும்தான் சேரும். வீட்டில் பிரிக்கவும் வேண்டாம், ஃபிளாஷ் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும்.

விற்கும்போதோ கொடுக்கும்போதோ கார்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். கேமராவில் ஃபார்மட் செய்வது பட்டியலை மட்டும் அழிக்கிறது, படங்களை மென்பொருள் வைத்து மீட்டுவிடலாம். வைஃபை உள்ள மாடலானால் அமைப்புகளை ரீசெட் செய்து கடவுச்சொல்லை நீக்குங்கள். ரசீது இருந்தால் கொடுங்கள். திருட்டுப் பொருள் இல்லை என்பதற்கு வாங்குபவருக்கு அதுவே ஆதாரம். பூஞ்சை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். படம் எடுக்க ஆசைப்படும் பக்கத்துத் தெரு கல்லூரிப் பையனுக்கோ பெண்ணுக்கோ கொடுப்பதாக இருந்தால், சார்ஜரும் வேலை செய்யும் பேட்டரியும் சேர்த்துக் கொடுங்கள். அவை இல்லாத கேமரா அவர்களுக்கு வெறும் செலவு.

முழுவதும் செத்துப்போனதைக் காயலான் கடையில் எடை போடாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. கொடுக்கும் முன் கேமராவிலிருந்து பேட்டரியைத் தனியே எடுத்து, அதன் உலோக முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள்.