வன்னி வெக்கையில் லெகோ பெட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகைக்கு லெகோ கட்டைகளால் என் முதல் பெட்டியை ஒரு துளைகூட விடாமல்தான் கட்டினேன். கிளிநொச்சியில் சோளகம் வீசத் தொடங்கினால் செம்மண் புழுதி எதையும் விட்டுவைக்காது. அந்தப் பலகையையாவது காப்பாற்ற நினைத்தேன். புழுதி உள்ளே போகவில்லை, வெப்பமும் வெளியே வரவில்லை. அதில் பிள்ளைகள் பார்த்த படம் பாதியில் திக்கித் திணறியது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். லெகோ கட்டை ஏபிஎஸ் பிளாஸ்டிக். வெப்பத்தை எளிதில் கடத்தாது. ராஸ்பெரி பை 4இன் சில்லு (சிப்) 80 பாகை செல்சியஸைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அறை 20 பாகையில் இருந்தால் அதற்கு 60 பாகை இடைவெளி உண்டு. தகரக் கூரையின் கீழ் 35 பாகையில் 45தான் மிஞ்சும். குளிர்நாட்டவர் படம் போட்டுக் காட்டும் பெட்டியை அப்படியே இங்கே கட்டக்கூடாது.

நம் மண்வீடுகளில் அரைச்சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்றுக்கு இடம் விட்டிருப்பதைப் பாருங்கள். பெட்டிக்கும் அதுவே வேண்டும்: அடியில் கால் வைத்து உயர்த்துங்கள், தளத்தில் இடைவெளி விடுங்கள், சில்லுக்கு நேர் மேலே கூரையைத் திறந்து வையுங்கள். புழுதிக்கும் பல்லிக்கும் நுளம்பு வலைத் துண்டு போதும்; அடைபடுமுன் கழுவிவிடுங்கள்.

அடுத்தது அளவு. பலகை 85 மில்லிமீற்றர் நீளம், 56 அகலம். கட்டையின் ஒரு குமிழுக்கு 8 மில்லிமீற்றர். 56ஐ எட்டால் வகுத்தால் சரியாக ஏழு வருகிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். இணைப்பு வாய்கள் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அகலத்துக்கு எட்டுக் குமிழ் விடுங்கள். சுவரும் 8 மில்லிமீற்றர் தடிப்பு என்பதால், வாயின் அளவுக்கு மட்டும் துளை விட்டால் வயரின் தலை சுவரில் முட்டி நிற்கும், உள்ளே எட்டாது. வயரின் தலையை அளந்து துளை விடுங்கள்.

வெப்பம் பரவட்டும் என்று உள்ளே அலுமினியத் தாள் ஒட்டுவதும் ஆபத்து. பலகையில் பட்டால் குறுஞ்சுற்று. படாவிட்டாலும் வைஃபை நலிந்துபோகும். பலகையைத் தளத்தில் நேரே கிடத்தவும் வேண்டாம், அடிப்புறத்தில் ஈயப்பற்றின் முனைகள் நிற்கின்றன. நான்கு மூலைகளிலும் சிறு கட்டைகளில் தாங்குங்கள்.

இயங்குதளம் இருக்கும் எஸ்டி நினைவக அட்டையைச் செருகும் பக்கச் சுவரைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். மின்சாரம் பட்டென்று போய்வரும் வீட்டில் அட்டையின் பதிவு கெட்டுப்போகலாம்; முதலில் கழற்ற வேண்டிவருவது அந்த அட்டையைத்தான்.