டெபியன் ஸ்டேபிளில் டெஸ்டிங் பேக்கேஜ் போடுவது எப்படி?

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு டிடிபி கடை. கணினியில் டெபியன் 13 ட்ரிக்சி, அதாவது டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்பான ஸ்டேபிள். மற்றதெல்லாம் சரி, படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப் மட்டும் புதுசு வேண்டும். இதற்காக சிஸ்டம் முழுவதையும், அடுத்த பதிப்புக்காகச் சோதனையில் இருக்கும் டெஸ்டிங்குக்கு மாற்ற வேண்டாம். முதலில் பேக்போர்ட்ஸில் (புது வெர்ஷன்களை ஸ்டேபிளுக்குத் தரும் கூடுதல் களஞ்சியம்) தேடுங்கள். அங்கே இருப்பவை ஸ்டேபிளுக்கென்றே கம்பைல் செய்தவை. கிடைத்தால் வேலை முடிந்தது.

கிடைக்காவிட்டால்தான் டெஸ்டிங். பேக்கேஜ் எங்கிருந்து வரும் என்று சொல்லும் சோர்ஸ் பட்டியலில் டெஸ்டிங்கைச் சேர்ப்பதற்கு முன்பே, எதற்கு எவ்வளவு முன்னுரிமை என்று சொல்லும் பின்னிங் கோப்பை எழுதிவிடுங்கள். ஸ்டேபிளுக்கும் டெஸ்டிங்குக்கும், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் தரும் முன்னுரிமை ஒன்றுதான், 500. இரண்டும் சமமாக நின்றால் பெரிய வெர்ஷன் ஜெயிக்கும்; அடுத்த ஃபுல்-அப்கிரேடில் மொத்த சிஸ்டமும் டெஸ்டிங் பக்கம் போய்விடும். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இடிசிக்குள் ஆப்ட், அதற்குள் பிரிஃபரன்சஸ்.டி ஃபோல்டர். அங்கே ஒரு கோப்பு, மூன்றே வரி: பேக்கேஜ் என்பதற்கு நேரே நட்சத்திரக் குறி; பின் என்பதற்கு நேரே ‘ரிலீஸ் ஏ=டெஸ்டிங்’; பின்-பிரியாரிட்டிக்கு நேரே 100. இந்த எண்ணை யோசித்துப் போடுங்கள். 100 என்றால், டெஸ்டிங்கிலிருந்து ஒருமுறை போட்ட பேக்கேஜ் அங்கிருந்தே தொடர்ந்து அப்டேட் ஆகும். 50 என்றால் நீங்களாகக் கேட்டால் ஒழிய அசையாது. 1000-க்கு மேல் போனால் டவுன்கிரேடுக்கே (பழைய வெர்ஷனுக்கு இறங்குவது) வழி திறக்கும், அந்தப் பக்கம் போகாதீர்கள். பிறகு சோர்ஸ் பட்டியலில் டெஸ்டிங்கைச் சேர்த்து, அப்டேட் கொடுத்ததும் ‘ஆப்ட் பாலிசி இங்க்ஸ்கேப்’ அடித்து, டெஸ்டிங் வரியில் உங்கள் எண் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி ஒத்திகை: ‘ஆப்ட் இன்ஸ்டால் -எஸ் -டி டெஸ்டிங் இங்க்ஸ்கேப்’. -எஸ் இருப்பதால் எதுவும் மாறாது, என்ன நடக்கும் என்ற பட்டியல் மட்டும் வரும். -டி டெஸ்டிங் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் டெஸ்டிங்கை 990-க்கு ஏற்றுவதால் சார்புப் பேக்கேஜ்களும் அங்கிருந்தே வரப் பார்க்கும். பட்டியலில் லிப்சி6 (பெரும்பாலான நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி) தெரிந்தால் நிறுத்தி யோசியுங்கள். அது மாறினால் பழையதற்குத் திரும்ப நம்பகமான வழி கிடையாது, டவுன்கிரேடை டெபியன் ஆதரிப்பதில்லை. நீக்கப்படும் பேக்கேஜ்கள் என்று ஏதாவது வந்தால் அதையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள். பட்டியல் நீண்டுகொண்டே போனால், சிஸ்டம் பேக்கேஜ்களைத் தொடாமல் தனியாக நிறுவப்படும் ஃபிளாட்பேக் மேல்.

பிரவுசர், எஸ்எஸ்ஹெச் சர்வர் போன்றவற்றை டெஸ்டிங்கிலிருந்து எடுக்காதீர்கள். ஸ்டேபிளுக்கு உள்ள பாதுகாப்புக் குழுவின் கவனிப்பு டெஸ்டிங்குக்கு இல்லை. திருத்தம் பெரும்பாலும், புதுப் பேக்கேஜ்கள் முதலில் வரும் அன்ஸ்டேபிளில் விழுந்து, பொதுவாக 2 முதல் 10 நாள் காத்திருந்துதான் டெஸ்டிங்குக்கு இறங்கும்.

ஆவணி, தை முகூர்த்த நெருக்கடியில் இதில் கை வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது; கட்டளையில் ‘--டவுன்லோட்-ஒன்லி’ சேர்த்து முதலில் இறக்கி மட்டும் வைத்துக்கொண்டு, யுபிஎஸ் சார்ஜ் ஏறிய பிறகு நிறுவுங்கள். பாதியில் நின்றுவிட்டால் ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, பிறகு ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’, இதே வரிசையில்.