ஒரு கோல்ஃப் திடல் மரபுப் பாணியா, நவீனப் பாணியா என்று கண்டறிவது எப்படி?

திடலின் வயதைக் கொண்டு பாணியை முடிவுசெய்வது எளிது. ஆனால் அது பெரும்பாலும் தவறான வழியையே காட்டும். கோலாலம்பூரின் ராயல் சிலாங்கூர் கோல்ஃப் மன்றம் 1893இல் தொடங்கப்பட்டது என்பதால் அங்குள்ள ஒவ்வொரு கிரீனும் (கொடியும் பந்து விழ வேண்டிய குழியும் உள்ள ஒட்டத் தறித்த புல்தரை) பழைய சிந்தனையைச் சொல்கிறது என்று கொள்ள முடியாது. மறுபுறம், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணற்குன்றுகளில் 1995இல் திறக்கப்பட்ட சாண்ட் ஹில்ஸ் திடல், நிலத்தைப் பெரிதும் வெட்டாமல் கிடந்த மேடுபள்ளங்களிலேயே அமைக்கப்பட்டதால், முழுக்க மரபைச் சார்ந்தது. ஆகவே ஆண்டை விட்டுவிட்டுத் தரையைப் படிக்கப் பழக வேண்டும்.

மரபுப் பாணி என்று இங்கே குறிப்பது, திடல் வடிவமைப்பாளர்களான ஹாரி கோல்ட், அலிஸ்டர் மெக்கன்சி, டோனல்ட் ராஸ் முதலியோர் ஏறத்தாழ 1910 முதல் 1930கள் வரை, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடல் போன்ற கடலோர நிலங்களிலிருந்து கற்று வளர்த்த முறையை. நவீனப் பாணி என்பது, இரண்டாம் உலகப் போருக்குப் பின், மண்வாரி இயந்திரங்களின் துணையோடு வடிவமைப்பாளர் ராபர்ட் ட்ரெண்ட் ஜோன்ஸ் முன்னின்று பரப்பிய முறை.

முதலில் கிரீனில் நின்று டீ (முதல் அடியைத் தொடங்கும் இடம்) இருக்கும் திசையைத் திரும்பிப் பாருங்கள். பந்து தரையில் உருண்டு கிரீனுக்குள் நுழைய முன்வாசல் திறந்திருக்கிறதா, எந்தப் பக்கத்திலிருந்து வரும் பந்துக்கு வழி அகலமாகக் கிடைக்கிறது என்பவையே நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள். ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக் திடலில் 15ஆம் குழியாக, அதாவது 15ஆம் ஆட்டப்பகுதியாக, உள்ள ரெடான் இதற்குச் சிறந்த பாடம்: கிரீன் முன்வலப்புறத்திலிருந்து பின் இடப்புறமாகச் சாய்ந்திருக்கும், முன் இடப்புறத்தில் ஆழமான பங்கர் (மணற்பள்ளம்) காத்திருக்கும். கொடியை நேராகக் குறிவைக்கும் துணிச்சல்காரர் பங்கரைத் தாண்டியாக வேண்டும். நிலத்தை அறிந்தவரோ வலப்பக்கம் பந்தை இறக்கி, மீதியைச் சாய்வின் பொறுப்பில் விட்டுவிடலாம். நவீனக் கிரீனில் பெரும்பாலும் இரு முன்மூலைகளிலும் பங்கர்களோ முன்னால் நீரோ இருக்கும். பந்து வானத்திலிருந்துதான் இறங்க வேண்டும்.

அடுத்து ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடையிலான புல்வழி) பங்கர்களைக் கவனியுங்கள். நல்ல ஆட்டக்காரர் பந்தை வைக்க விரும்பும் அதே இடத்தை ஒட்டி ஒரு பங்கர் இருந்தால், அது ஒரு தேர்வை முன்வைக்கிறது: அதை உரசிப் போனால் கிரீனுக்கு நல்ல கோணம், விலகிப் போனால் கடினமான அடுத்த அடி. பந்து விழும் தூரத்தில் இருபுறமும் நெருக்கும் பங்கர்கள் தேர்வு எதையும் தருவதில்லை. நேராக அடிக்கத் தவறியவரைத் தண்டிக்கின்றன. ஜோன்ஸ் இம்முறையில் மாற்றியமைத்த அமெரிக்காவின் ஓக்லண்ட் ஹில்ஸ் திடலில், 1951 அமெரிக்க ஓப்பன் போட்டியை வென்ற பென் ஹோகனே நான்கு சுற்றுகளில் 287 அடிகள், அதாவது பாரைவிட (திடலுக்கு நிர்ணயித்த அடி எண்ணிக்கை) 7 கூடுதலாக எடுத்தார்.

இந்த இடத்தில் நம் மலேசிய வானிலை குறுக்கிடுகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் கிள்ளான் பள்ளத்தாக்கில், ஈரமான மண்ணிலும் அகன்ற இலையுள்ள மாட்டுப்புல்லிலும் பந்து உருண்டோடாது. எனவே திறந்த முன்வாசலை மட்டும் கண்டு ஒரு திடலை மரபுப் பாணி என்று புகழ்வது இங்கே பொருந்தாது. கோணங்களும் கிரீனின் சாய்வும்தான் நம்பத்தக்க அடையாளங்கள். பழைய முறையில் மண்ணைக் குவித்துக் கட்டிய கிரீன், மழைநீர் மேற்பரப்பிலேயே வழிந்தோட வேண்டியிருந்ததால், ஓரிரு விளிம்புகளை நோக்கி முழுவதுமாகச் சாய்ந்திருக்கும். அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறையில், சரளைப் படுகையின் மேல் சுமார் 30 சென்டிமீட்டர் மணற்கலவை இடப்பட்டு, நீர் கீழே இறங்குகிறது. அதனால் வடிவமைப்பாளர் படிகளையும் மேடுகளையும் விருப்பப்படி அமைக்க முடிகிறது. சவுஜானா கோல்ஃப் மன்றத்தில் ரொனால்ட் ஃப்ரீம் வடிவமைத்த, ‘கோப்ரா’ என்று பட்டப்பெயர் பெற்ற பாம் திடலில் பட்டிங் செய்தவர்களுக்கு (கிரீனில் பந்தை உருட்டிக் குழிக்குள் தள்ளியவர்களுக்கு), நவீனக் கிரீன் என்றால் தட்டையானது என்ற எண்ணம் இருக்காது.

ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீக்கு நடக்கும் தொலைவையும் பாருங்கள். மரபுத் திடலில் அது சில காலடிகள்தான். வீட்டுமனைகளோடு சேர்த்துத் திட்டமிடப்பட்டவற்றில் பக்கி (கோல்ஃப் வண்டி) இல்லாமல் ஆடுவது தண்டனை. மரங்கள், மன்றக் கட்டடம் ஆகியவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

நவீனம் என்றாலே குறை என்பது என் கருத்தன்று. ராபர்ட் ட்ரெண்ட் ஜோன்ஸ் ஜூனியர் வடிவமைத்த மைன்ஸ் திடல் பழைய ஈயச்சுரங்க நிலத்தில் அமைந்தது. மண்ணைப் பெயர்க்காமல் அங்கே எதையும் உருவாக்கியிருக்க முடியாது. ஆனால் பீட் டை 1980இல் அமெரிக்காவின் சாக்ராஸில் அமைத்த 17ஆம் குழியின் தீவுக் கிரீன் பார்ப்பதற்கே பரபரப்பானது. ஆடுபவருக்கு அங்கே சிந்திக்க ஒன்றுமில்லை.

கடைசிச் சோதனைக்கு, 150 கெஜத்திற்கு மேல் அடிக்க இயலாத வயதான மாமா ஒருவரோடு அதே திடலில் ஆடிப் பாருங்கள். ஓர் அடி கூடுதலாக எடுத்தாலும் ஒவ்வொரு குழியிலும் அவருக்கென ஒரு பாதை இருந்தால், அங்கே மரபுச் சிந்தனை வேலை செய்திருக்கிறது. நீரைத் தாண்ட முடியாமல் பந்துகளைத் தொலைத்துக்கொண்டே இருந்தால், மதிப்பெண் அட்டையில் அச்சிட்டிருக்கும் ஆண்டு எதுவானாலும் அதை நவீனத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.