ஐடிலிங் தடுமாற்றமும் அலாரம் வயரிங்கும்: எங்கிருந்து தேடுவது?

சூடேறிய பெட்ரோல் எஞ்சின், ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, பெரும்பாலான கார்களில், 700 முதல் 900 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்றுகள்) வரையில் சீராக ஓட வேண்டும். ஆர்.பி.எம். காட்டும் முள் ஏறி இறங்கினால், உதிரி பாகங்களை மாற்றுவதற்கு முன், காரில் பின்னர் பொருத்தப்பட்ட அலாரம் உண்டா என்று பாருங்கள். அதன் ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்), பல நேரங்களில், இக்னிஷன் வயரையோ பெட்ரோல் பம்பு வயரையோ வெட்டி இடையில் இணைக்கப்பட்டிருக்கும்.

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, எஞ்சின் ஓடும்போதே, ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள அலாரம் வயர்க்கட்டை மெல்ல அசையுங்கள். மஞ்சள் உறையிட்ட ஏர்பேக் வயர்களைத் தொடவே வேண்டாம். அசைக்கும்போது எஞ்சின் திணறினால் குறை அங்கேதான் இருக்கிறது. நான் பிரித்துப் பார்த்த ஒரு காரில், பசை உருகி வழிந்த டேப்புக்குள், வெறுமனே முறுக்கிவிடப்பட்ட செம்புக் கம்பிகள் பச்சை பூத்திருந்தன. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பின், அத்தகைய இணைப்பைச் சுத்தம் செய்து ஈயம் வைத்துப் பற்றவைப்பதே நிலைத்த தீர்வு. டேப் மட்டும் போதவே போதாது.

வயரிங் சரியாக இருந்தால், எஞ்சினின் ரப்பர் வேக்யூம் ஹோஸ்களில் (வெற்றிடக் குழாய்களில்) காற்றுக் கசியும் சீறல் ஒலி கேட்கிறதா என்றும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அலாரம் காரணமின்றி அலறினால், முதலில், பானெட் திறந்திருப்பதை அலாரத்துக்கு உணர்த்தும் பானெட் சுவிட்சில் துரு உள்ளதா என்று சோதியுங்கள்.