நல்லி எலும்பைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி

சூப்பு வைத்த எலும்பு இதற்கு ஆகாது. கொதியில் எலும்பின் புரத இழையான கொலாஜன் ஜெலட்டினாகிவிடும். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, கறிக்கடையில் ஆட்டு நல்லியைக் கொத்தாமல் முழுசாகக் கேட்டு வாங்குங்கள். கத்தி விழுந்த எலும்பில் விரிசல் ஓடியிருக்கும்.

நடுத்தண்டில் ஆக்ஸா பிளேடால் 1 மி.மீ. கனத்துக்கு ஒரு வளையம் அறுங்கள். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும்; விளிம்பு கருகாது, தூளும் மூக்கில் ஏறாது. மஜ்ஜையைக் குத்தி எடுத்து, சோப்புத்தூள் தண்ணீரில் ஓர் இரவும் அசிட்டோனில் ஒரு நாளும் ஊறவையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். கொழுப்பு மிஞ்சினால் படம் மஞ்சளாக மங்கும்.

இனி தேய்ப்பு. கண்ணாடித் தகட்டின்மேல் வாட்டர் பேப்பர் (தண்ணீரில் தேய்க்கும் உப்புத்தாள்), நம்பர் வரிசையாக 220, 400, 600, 1000. வெறும் விரலால் அழுத்தினால் ஒரு பக்கம் மட்டும் ஆப்பு மாதிரித் தேயும். பழைய செருப்பு ரப்பர்த் துண்டை மேலே வைத்து, எட்டுப் போடுவதுபோல் சுற்றுங்கள். நம்பர் மாற்றும்போதெல்லாம் கழுவ வேண்டும். தங்கிய ஒரு பருமணல் போதும், கீறல் விழ. ஏ4 தாளின் கனம், அதாவது சுமார் 0.1 மி.மீ., அதற்கும் கொஞ்சம் கீழே வந்தால் நிறுத்தலாம். அடியில் வைத்த செய்தித்தாள் எழுத்து படிக்க வரும்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது ஒட்டும்போதுதான். எலும்புச் செல்கள் இருந்த குழிகள் கருப்பாகத் தெரிவது உள்ளே காற்று இருப்பதால். ஸ்லைடில் ஒட்டும் பசையான டிபிஎக்ஸை நீர்த்த நிலையில் ஊற்றினால் அது குழிக்குள் புகுந்து எல்லாம் மறைந்துபோகும். காலி ஸ்லைடு என்றே தோன்றும். டிபிஎக்ஸை நூல் இழுக்கும்வரை திறந்து வைத்துவிட்டு ஒட்டுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சாரல் நாட்களில் துண்டை சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் இரண்டு நாள் உலர்த்திய பிறகே தொடுங்கள்.

இளம் ஆட்டில் செங்கல் அடுக்கியது போன்ற அமைப்பும், முதிர்ந்ததில் ரத்தக்குழாயைச் சுற்றிய வட்டங்களும் தெரியும். துண்டுக்குக் கீழும் மேலும் போலராய்டு தாள்களை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் அந்த வட்டங்களின் அடுக்குகள் வெளிச்சமும் இருட்டுமாக மாறி மாறி வரும். அடுக்குக்கு அடுக்கு கொலாஜன் இழை திசை மாறுகிறது.

அதே எலும்பு எவ்வளவு வளையும் என்று சோதிப்பதற்கு நேர்மாறு: காயவே கூடாது. காய்ந்த எலும்பு விறைப்பாகி, அதிகம் வளையாமலே முறியும். நீளவாக்கில் 40 மி.மீ. நீளம், 3 அகலம், 2 கனத்தில் பட்டை எடுத்து, 0.9 சதவீத உப்புநீரில் நனைத்த காஸ் துணியில் சுற்றி வையுங்கள். உடனே சோதிக்காவிட்டால் அப்படியே -20 டிகிரியில். பட்டையை இரண்டு தாங்கிகள்மேல் வையுங்கள்; இடையே 32 மி.மீ., கனத்தைப்போல் 16 மடங்கு. குறைத்தால், எலும்பின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதால் வரும் விலகலும் சேர்ந்து எலும்பு உள்ளதைவிட மெத்தென்று காட்டும். நடுவில் வாளி தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். வாளியோடு 2 கிலோ சேரும்போது வளைவை அளக்கும் டயல் கேஜில் அரை மி.மீ. அளவு வளைவு வரும். 4 கிலோவை ஒட்டி முறியலாம்; பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாளிக்கடியில் சாக்கு விரித்து வையுங்கள்.