பழைய விண்டோஸுக்கு எவ்வளவு ரேம் போடலாம்?

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகமாக இருந்தாலும், மன்னார்குடியில் உரக்கடையாக இருந்தாலும், பழைய பில் மென்பொருளுக்காகவும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்காகவும் விண்டோஸ் எக்ஸ்பி அல்லது 32-பிட் விண்டோஸ் 7 கணினியை வைத்திருப்பவர்கள், அது மெதுவானதும் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) வாங்கத்தான் முதலில் நினைப்பார்கள். வாங்கும் முன், போடுகிற ரேமை அந்த இயங்குதளம் பயன்படுத்திக்கொள்ளுமா என்று பார்த்துவிட வேண்டும்.

விண்டோஸ் 7-இல் கம்ப்யூட்டர் படத்தின் மீது வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், 32-பிட்டா 64-பிட்டா என்பது சிஸ்டம் டைப் வரியில் தெரியும். எக்ஸ்பியில் அதே இடத்தில் எக்ஸ்64 என்று இல்லையென்றால் அது 32-பிட். இந்த 32-பிட் பதிப்புகளுக்கு உச்சவரம்பு 4 ஜிபி. அந்த 4 ஜிபி முகவரிகளுக்குள்ளேயே கிராஃபிக்ஸ் கார்டு, பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) முதலியவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால், நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் 3 முதல் 3.5 ஜிபி வரைதான். மேலும், ஒரு தனி மென்பொருளுக்கு வழக்கமாக 2 ஜிபிக்கு மேல் கிடைக்காது. ஆகவே பில் போடவும் தட்டச்சு செய்யவும் மட்டும் பயன்படும் எக்ஸ்பி கணினிக்கு 2 ஜிபி தாராளம் என்பது என் கருத்து. விண்டோஸ் 98 என்றால் 512 எம்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் நினைவகப் பிழை காட்டி மக்கர் செய்யும்.

64-பிட் விண்டோஸ் 7-இல் ஹோம் பேசிக் 8 ஜிபி, ஹோம் பிரீமியம் 16 ஜிபி வரை ஏற்கும். ஆனால் மதர்போர்டும் இடம் கொடுக்க வேண்டும்: இன்டெல் 945 சிப்செட் (ப்ராசசரையும் ரேமையும் இணைக்கும் சில்லுத் தொகுதி) உள்ள போர்டில் 64-பிட் பதிப்பை ஏற்றினாலும் முழு 4 ஜிபி கைக்கு வராது.

ரேம் உண்மையிலேயே போதவில்லையா என்பதை எக்ஸ்பியே சொல்லிவிடும். முகூர்த்த மாதத்தில் வேலை குவிந்திருக்கும் ஒரு நாளின் மாலையில், கணினியை அணைப்பதற்கு முன்பு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள். கமிட் சார்ஜ் (மென்பொருள்கள் கேட்டுப் பெற்ற மொத்த நினைவகம்) என்பதன் கீழே உள்ள பீக், அதாவது உச்ச எண், ஃபிசிகல் மெமரியின் டோட்டல் எண்ணைத் தாண்டியிருந்தால், கணினி ரேம் போதாமல் ஹார்ட் டிஸ்கை நாடியிருக்க வாய்ப்பு அதிகம். புதிய ரேம் பலன் தரும். பீக் எண் அதில் பாதியைக்கூடத் தொடவில்லையென்றால் காசு வீண்.

மாட்டும்போது மின்சார ஒயரைக் கழற்றிவிட்டு, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டபின் ரேமை எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதன் பொன்னிறப் பற்கள் மங்கிப்போயிருந்தால், பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துகளை ஊதிவிட வேண்டும். ரேமில் டிடிஆர்2, டிடிஆர்3 என்று வகைகள் உண்டு; டிடிஆர்2 பொருத்தியில் டிடிஆர்3 நுழையாது. அழுத்தி உடைத்துவிட வேண்டாம்.

எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8-இலும், விண்டோஸ் 7-க்கானது 2020 ஜனவரி 14-இலும் முடிந்துவிட்டன. எவ்வளவு ரேம் போட்டாலும் அந்தக் குறை தீராது என்பதால், பயிர்க் காப்பீட்டுப் பதிவு, வங்கிக் கணக்கு போன்ற வேலைகளை வேறு கணினியில் செய்துகொண்டு, இதை இணையத்தில் இணைக்காமல் பில்லுக்கும் பிரின்டருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.